அடங்குதலும் அடக்குதலும்: எதிர்த்து நிற்பவருக்குத் தமிழ் வைத்த பெயர்கள்

தமிழ்நாட்டில் மறியல் என்றால் சாலையில் உட்கார்வது. குழாயில் தண்ணீர் வராத தெருவின் பெண்கள் காலிக் குடங்களோடு பேருந்தின் முன்னால் நிற்பது மறியல். பாக் நீரிணையைக் கடந்து யாழ்ப்பாணம் போனால் அதே சொல்லுக்குச் சிறை என்று பொருள். 'அவன் மறியலில இருக்கிறான்' என்றால் கம்பிக்குப் பின்னால் இருக்கிறான் என்று அர்த்தம். விசாரணை முடியும்வரை ஒருவரைக் காவலில் வைப்பதை இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் இன்றும் 'விளக்கமறியல்' என்றே எழுதுகின்றன. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: மறி, அதாவது தடுத்து நிறுத்து. குடிமக்கள் அரசை மறித்தால் ஒரு கரையில் மறியல். அரசு குடிமக்களை மறித்தால் மறு கரையில் மறியல்.

அதிகாரத்துக்கு வளையாமல் நிற்பதைக் குறிக்கும் சொற்கள் நம்மிடம் ஏராளம். அடம், முரண்டு, சண்டித்தனம், வீம்பு, திமிர், பிடிவாதம், வைராக்கியம், கலகம், கிளர்ச்சி, புரட்சி, ஒத்துழையாமை, சத்தியாகிரகம் என்று பட்டியல் நீளும். இவற்றில் சில வசை, சில வாழ்த்து. வசையாக இருந்து வாழ்த்தானவை உண்டு, வாழ்த்தாக இருந்து வெறும் பட்டமாகிப் போனவையும் உண்டு. இந்தச் சொற்கள் எங்கே பிறந்தன, யார் வாயில் வளர்ந்தன, எப்படிக் கட்சி மாறின என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒருவர் 'முடியாது' என்று சொன்ன நொடியிலேயே அந்தச் செயலுக்குப் பெயர் வைக்கும் போட்டி தொடங்கிவிடுகிறது. அந்தப் போட்டியில் யார் வெல்கிறாரோ அவர் பாதி வழக்கை வென்றுவிடுகிறார்.

தொழுவத்திலிருந்து வந்த சொற்கள்

ஆள்பவரின் அகராதியில் எதிர்ப்புக்கான சொற்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன: மாட்டுத் தொழுவம், குழந்தையின் தொட்டில். நுகத்தில் பூட்டியதும் படுத்துக்கொள்ளும் மாடு சண்டி மாடு. அதன் குணம் சண்டித்தனம். ஏரில் நடக்க மறுக்கும் காளை முரண்டு பிடிக்கிறது. சோறு வேண்டாம் என்று தரையில் புரளும் குழந்தை அடம் பிடிக்கிறது. இவற்றையெல்லாம் வளர்ந்த மனிதர்கள்மீது ஏற்றும்போது அவர்களுடைய காரணம் காணாமல் போய்விடுகிறது. காளைக்குக் கழுத்தில் புண் இருந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. சண்டி என்று பெயர் வைத்தாகிவிட்டது, அடுத்தது சாட்டைதான். 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழி அந்தச் சாட்டைக்குக் கிடைத்த நியாயம்.

இது தமிழுக்கு மட்டுமே உரிய வழக்கமும் இல்லை. கட்டுப்பட மறுப்பவரை ஆங்கிலத்தில் 'ரிகால்சிட்ரன்ட்' என்பார்கள். லத்தீனில் அதன் மூலப்பொருள் குதிகாலால் உதைப்பது. உலகெங்கும் எசமானர்கள் எதிர்ப்பை விலங்கின் குணமாகவே பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் முரண்டின் வேரான 'முரண்' என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு வாழ்வு இருந்தது. செய்யுளிலே சொல்லும் பொருளும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கத் தொடுப்பதை இலக்கணம் முரண்தொடை என்கிறது. யாப்பில் அழகென்று எண்ணப்பட்ட ஒன்று வயலில் குற்றமாகிவிட்டது.

பெண்களுக்கென்று தனி வசைகளே இருக்கின்றன. வாயாடி, ராங்கிக்காரி, அடங்காப்பிடாரி. பிடாரி கிராமத்தின் காவல் தெய்வம். அவள் ஊரைக் காக்கும்போது பொங்கலும் படையலும் வைக்கிறோம். ஒரு பெண் வீட்டில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் அந்தத் தெய்வத்தின் பெயரையே எடுத்து வைகிறோம். ஆணின் மறுப்புக்கு ரோஷம் என்று ஒரு கௌரவமான பெயர் கிடைக்கும். பெண்ணுக்கு அது கிடைப்பதில்லை.

திமிர், திமிறு என்ற இரண்டு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். பிடியிலிருந்து விடுபட உடலை உதறுவது திமிறுதல். ஆணவம் திமிர். எழுத்தில் இடையின ரகரமும் வல்லின றகரமும்தான் வேறுபாடு. பிடிபட்டவர் திமிறுகிறார், பிடித்திருப்பவர் காதில் அது திமிர் என்று விழுகிறது.

தன்வினையும் பிறவினையும்

இந்தப் பொருளில் தமிழ் இலக்கணம் நமக்குத் தரும் மிகக் கூர்மையான கருவி தன்வினை, பிறவினை என்ற பாகுபாடு. அடங்கு என்பது தன்வினை. அடக்கு என்பது பிறவினை. ஒடுங்கு, ஒடுக்கு. முடங்கு, முடக்கு. மெல்லினம் வல்லினமாகும் இடத்தில் செயல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்விடுகிறது. அடக்கம் குணம், அடக்குமுறை கொடுமை. ஒடுக்கம் யோகம், ஒடுக்குமுறை அநீதி. தானாகச் செய்தால் தவமாகும் ஒன்று, பிறர் செய்வித்தால் வன்முறையாகிறது.

திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரத்தைக் காட்டி 'வள்ளுவரே அடங்கிப் போகச் சொல்லியிருக்கிறாரே' என்று வாதிடுவோர் உண்டு. அந்த அதிகாரம் பேசுவது தன்வினையைப் பற்றி. நாவையும் புலன்களையும் ஒருவர் தாமே காத்துக்கொள்வதைப் பற்றி. பிறரை அடக்கும் அரசனுக்கு வள்ளுவர் கொடுங்கோன்மை என்று வேறு அதிகாரமே எழுதினார். துன்பம் பொறுக்காமல் குடிகள் விடும் கண்ணீரே அரசனின் செல்வத்தைத் தேய்க்கும் படை என்பது அதில் அவர் சொல்லும் கருத்து. தன்னை இடித்துரைப்பவர் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்று பெரியாரைத் துணைக்கோடலில் எச்சரிக்கிறார். இடித்துரைத்தல் எவ்வளவு அழகான சொல்! அது எதிர்ப்பு, ஆனால் பகை இல்லை. அரசன் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அவனை மறுக்கும் சொல். இன்றைய அலுவலகப் பேச்சிலும் கட்சிப் பேச்சிலும் இந்தச் சொல் அருகிப்போனது நமக்கு நேர்ந்த இழப்பு.

குறளின் அதிகாரப் பெயர்களில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கொல்லாமை, கள்ளாமை, வெஃகாமை, புறங்கூறாமை, வெகுளாமை. செய்யாதிருப்பதை வினைக்குள்ளேயே எதிர்மறை வைத்து ஓர் அறமாகப் பெயர் சூட்டும் ஆற்றல் தமிழுக்கு உண்டு. 1920-இல் காந்தி அழைத்த இயக்கத்துக்குத் தமிழில் 'ஒத்துழையாமை' என்ற பெயர் இயல்பாகப் பொருந்தியதற்கு இந்த மரபு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கேட்டவர் காதில் அது அரசியல் சொல்லாக மட்டும் விழுந்திருக்காது. கொல்லாமை, கள்ளாமை வரிசையில் இன்னொரு நோன்பாகவும் விழுந்திருக்கும்.

பழைய வடிவங்கள்

சொல் தனியாக வருவதில்லை, செயலோடு வருகிறது. சங்க காலத்தில் மானம் காக்க உணவை விட்டு வடக்கு நோக்கி அமர்ந்து உயிர் விடுவதை வடக்கிருத்தல் என்றார்கள். கோப்பெருஞ்சோழனும் அவனைத் தேடி வந்த பிசிராந்தையாரும் வடக்கிருந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதிகாரத்துக்கு எதிராக நின்ற நிலைக்குக் கணைக்கால் இரும்பொறையே பொருத்தமான சான்று. சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்த அந்தச் சேரன் தண்ணீர் கேட்டான். காலம் தாழ்த்திக் கொண்டுவந்தார்கள். குடிக்காமல் இறந்தான் என்கிறது புறநானூற்று 74ஆம் பாட்டின் அடிக்குறிப்பு. படை இல்லை, வாள் இல்லை. மறுப்பதற்கு மிஞ்சியிருந்தது ஒரு வாய்த் தண்ணீர்தான், அதை மறுத்தான்.

கண்ணகியின் எதிர்ப்பு வேறு வகை. அவள் அரசவைக்குச் சான்றோடு போகிறாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று உடைத்துக் காட்டுகிறாள். பின்னால் மதுரை எரிந்ததையே நாம் அதிகம் பேசுகிறோம். அதற்கு முன் ஒரு வணிகப் பெண் நீதிமன்றத்தில் வழக்காடி மன்னனைத் தன் பிழையை ஏற்கவைத்தாள் என்பது அதைவிடப் பெரிய செய்தி. பல்லவ அரசனின் ஆணைக்கு வர மறுத்த திருநாவுக்கரசர், சிவனுக்கு ஆட்பட்டவன் வேறு யாருக்கும் ஆளாக முடியாது என்ற நிலையில் நின்றதாகப் பெரியபுராண மரபு சொல்கிறது. அங்கே மறுப்பின் ஊற்று இன்னும் பெரிய ஒரு கீழ்ப்படிதல்.

இவையெல்லாம் தனிமனிதர் கதைகள். கூட்டமாக மறுத்தவர்களும் உண்டு. விஜயநகர ஆட்சியில், 1429-இல், வலங்கை, இடங்கை என்று எதிரெதிராக நின்ற பிரிவினர் ஒன்றுகூடி, அரசு அதிகாரிகளும் நிலமுடையோரும் சுமத்திய வரிகளை எதிர்த்தார்கள். எவ்வளவு கொடுப்போம், எதைக் கொடுக்கமாட்டோம் என்று முடிவெடுத்துக் கல்லில் வெட்டினார்கள். கொறுக்கை, ஆடுதுறை போன்ற ஊர்களில் உள்ள அந்தக் கல்வெட்டுகளை நொபொரு கராஷிமாவும் எ.சுப்பராயலுவும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மறுப்பைக் கல்வெட்டாக்கிய குடிகள் நம் வரலாற்றில் இருந்தார்கள்.

கலகமா, புரட்சியா, துரோகமா?

கிழக்கிந்தியக் கம்பெனியின் காகிதங்களில் கிஸ்தி கட்டாத பாளையக்காரர்கள் கலகக்காரர்கள். கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 ஜூனில் திருச்சிக் கோட்டையில் ஒட்டிய அறிவிப்பில் மருதுபாண்டியர் ஐரோப்பியரை விரட்ட எல்லாச் சாதியினரையும் அழைத்தார்கள். அந்த அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் அவர்களும் தூக்கிலேற்றப்பட்டார்கள். 1806 ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற ஆணைகளே உடனடிக் காரணம். அன்றே ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அவர்களை ஒடுக்கியது. ஆனால் ஆளுநர் பென்டிங்கும் தளபதி கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள், ஆணைகளும் விலக்கப்பட்டன.

இந்த நிகழ்ச்சியை நெடுங்காலம் 'வேலூர்க் கலகம்' என்றே படித்தோம். இன்று 'வேலூர்ப் புரட்சி' என்று படிக்கிறோம். இறந்தவர்கள் அதே மனிதர்கள், நாளும் அதே நாள், பெயர் வைப்பவர்தான் மாறினார். கலகம் என்றால் அமைதியைக் குலைத்தது. புரட்சி என்றால் அநீதியைப் புரட்டிப்போட்டது. முதல் சொல் அதற்கு முன்பு அமைதி இருந்ததாகச் சொல்கிறது, இரண்டாவது அங்கே அநீதி இருந்ததாகச் சொல்கிறது.

துரோகம் என்ற சொல் இவற்றைவிட நுட்பமானது. அந்நியனைப் பார்த்துத் துரோகி என்று சொல்ல முடியாது. உறவிருந்தால்தான் துரோகம், உப்பிட்டிருந்தால்தான் இரண்டகம். வ.உ.சிதம்பரம் பிள்ளைமீது வெள்ளை அரசு ராஜதுரோக வழக்குப் போட்டபோது அந்தச் சொல்லே ஒரு பொய்யான உறவைக் கோரியது. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றவர், வெள்ளையர் கப்பலுக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் விட்டவர். அவருக்கு 1908 ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனால் கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் பூட்டினார்கள். தொழுவத்துச் சொற்கள் வெறும் உவமையாக நின்றுவிடவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். மக்கள் அந்த இழிவையே எடுத்துச் 'செக்கிழுத்த செம்மல்' என்று சூட்டியபோது, பெயர் வைக்கும் உரிமை கை மாறியது.

1870-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த, ராஜதுரோகத்துக்கான அந்த 124-ஏ பிரிவு, விடுதலைக்குப் பிறகும் நின்றது. திருநெல்வேலிச் சீமையில் வ.உ.சி.க்கு எதிராகப் பயன்பட்ட அது, ஒரு நூற்றாண்டு கழித்து அதே சீமையில், கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்த இடிந்தகரை வட்டார மீனவர்கள் ஆயிரக்கணக்கானோர்மீது பாய்ந்தது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1-இல் வந்த புதிய சட்டத்தில் ராஜதுரோகம் என்ற சொல் இல்லை. நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவிப்பதைப் பற்றிய 152ஆம் பிரிவு வந்திருக்கிறது. சொல் போனதால் பயன்பாடும் மாறுமா என்பதை இனிவரும் வழக்குகளே காட்டும்.

உண்மையில் பிடிவாதம்

1906 செப்டம்பர் 11-இல் ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர்கள் பதிவுச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று உறுதி எடுத்தார்கள். அந்தப் போராட்டத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் காந்திக்குப் பிடிக்கவில்லை. செயலற்றுக் கிடக்கும் பலவீனர்களின் வழி என்ற ஒலி அதில் இருந்தது. 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் நல்ல பெயருக்குப் பரிசு அறிவித்தார். மகன்லால் காந்தி 'சதாக்கிரகம்' என்றார், காந்தி அதைச் 'சத்தியாகிரகம்' என்று திருத்தினார். ஆக்கிரகம் என்றால் இறுகப் பிடித்தல், விடாப்பிடி. ஆக, உலகம் போற்றும் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் உண்மையில் பிடிவாதம் என்பதுதான். வசையாக இருந்த ஒரு குணத்தை எடுத்து, அது எதைப் பிடித்திருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொன்னதும் அது தவமாயிற்று.

அந்தப் போராட்டத்தின் முதுகெலும்பாக இருந்தவர்கள் தமிழர்கள். 1913-இல் கிறித்தவ முறையில் நடக்காத திருமணங்களைச் செல்லாதவையாக்கும் தீர்ப்பு வந்தபின் பெண்களும் சிறை புகுந்தார்கள். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட, ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை அவர்களில் ஒருவர். கடுங்காவல் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-இல் பதினாறு வயதில் இறந்தார். சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டபோது, இப்போதும் போகத் தயார் என்று அந்தப் பெண் சொன்னதை அவரே எழுதி வைத்திருக்கிறார். நம் தெருக்களில் அந்த வயதுப் பெண் அப்படிப் பேசினால் என்ன பெயர் வைப்போம் என்பதை ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாற்காலி மாறும்போது

1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி உப்பு யாத்திரை புறப்பட்டது. யாத்திரிகர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சாவூர் ஆட்சியர் தார்ன் ஆணையிட்டார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யார் என்று மரத்திடம் கேட்க முடியாது. வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி, தாம் மழித்துக்கொண்டிருப்பது காவலர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டார் என்று இன்றும் சொல்கிறார்கள். ஏப்ரல் 30-இல் உப்பெடுத்த ராஜாஜி சிறை சென்றார்.

எட்டே ஆண்டுகள். 1938-இல் அதே ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய ஆணையை எதிர்த்து மக்கள் மறியல் செய்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றார்கள். எந்தக் குற்றவியல் திருத்தச் சட்டத்தை வெள்ளையர் கையில் இருந்தபோது காங்கிரஸ் கண்டித்ததோ, அதே சட்டம் இப்போது பயன்பட்டது. பெரியார் சிறையில் இருந்தார். காவலில் இருந்த நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிரிழந்தார்கள். 1940 பிப்ரவரியில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ராஜாஜியின் நேர்மையை ஐயப்படுவதற்காக இதை எழுதவில்லை. அவ்வளவு நேர்மையான மனிதருக்கே இருக்கை மாறியதும் எதிரில் நிற்பவரின் விடாப்பிடி வேறு மாதிரி தெரிந்தது. நமக்குத் தெரியாமல் போவதற்கு என்ன உத்தரவாதம்?

இலங்கையிலும் இந்தப் பாடம் உண்டு. 1961 பிப்ரவரியில் தமிழரசுக் கட்சியினர் யாழ்ப்பாணக் கச்சேரியின், அதாவது அரசு அலுவலகத்தின், வாசலை மறித்து அமர்ந்தார்கள். ஏப்ரலில் தங்களுக்கென்று ஓர் அஞ்சல் சேவையையே நடத்திக் காட்டினார்கள். உடனே அவசரநிலை வந்தது, தலைவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். மறித்தவர்கள் மறியலுக்குப் போனார்கள். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் பிரிந்து நின்ற இரண்டு பொருளும் அந்த வாசலில் ஒன்றாகச் சேர்ந்தன.

விடுதலைக்குப் பிந்தைய தமிழ்நாட்டில் சொற்களின் இடமாற்றம் இன்னும் வேகமானது. புரட்சி என்ற சொல் ஆட்சியில் இருப்பவர்களின் பட்டப்பெயரில் ஒட்டிக்கொண்டு தன் கூர்மையை இழந்தது. வசையாக இருந்த கலகத்தை 1990-களில் சிற்றிதழ்களும் தலித் எழுத்தும் கையிலெடுத்துப் பெருமைச் சொல்லாக்கின. 'அடங்க மறு' என்ற அழைப்பு சேரிகளின் சுவர்களில் எழுந்தபோது, அடங்கு என்ற தன்வினைக்குள் நூற்றாண்டுகளாக ஒளிந்திருந்த பிறவினை வெளிச்சத்துக்கு வந்தது. எதிர்ப்பக்கத்தில் 'சமூக விரோதி' என்ற சொல் பிறந்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டம் கலைக்கப்பட்டபோதும், 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தபோதும் அந்தச் சொல் ஒலித்தது. அதற்கு முகம் இல்லை, பெயர் இல்லை. அதனால்தான் அது ஆபத்தானது.

வீம்பும் வைராக்கியமும்

எதிர்ப்பதெல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர்களை எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். வைக்கத்தை எடுத்துக்கொள்வோம். கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச் 30-இல் தொடங்கிய போராட்டம் 1925 நவம்பர்வரை நீண்டது. வெள்ளம் சூழ்ந்தபோதும் போராட்டக்காரர்கள் தண்ணீரில் நின்றார்கள். பெரியார் இருமுறை சிறைப்பட்டார். நடக்கவிடமாட்டோம் என்ற வைதிகர்களும் அதே இருபது மாதம் அசையாமல்தான் நின்றார்கள். இரண்டும் விடாப்பிடிதான். அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது?

தமிழ் அதற்கு விடை வைத்திருக்கிறது. வைராக்கியம் என்ற வடசொல்லுக்கு மூலப்பொருள் பற்றின்மை. துறவிக்குரிய சொல் அது. தமிழ்ப் பேச்சில் அது மன உறுதி என்றானது. முதலில் ஏதோ பொருள் திரிந்துவிட்டதுபோலத் தோன்றும். யோசித்தால் பேச்சுத் தமிழ் ஓர் உண்மையைக் கண்டுபிடித்திருப்பது புரியும்: எதையோ விட்டவரால்தான் எதையோ இறுகப் பிடிக்க முடியும். 'தமிழ்நாடு' என்ற பெயருக்காக 1956-இல் விருதுநகரில் 75 நாட்களுக்கு மேல் உண்ணாதிருந்து உயிர்விட்ட சங்கரலிங்கனார் சோற்றை விட்டார். வள்ளியம்மை உடல்நலத்தை விட்டார். வைக்கத்து வைதிகர்கள் எதையும் விடவில்லை. அவர்களுடைய பிடிவாதத்துக்கு விலை கொடுத்தவர்கள் தெருவில் நடக்க முடியாத மற்றவர்கள். பிடிப்பவரே விலை கொடுத்தால் வைராக்கியம். பிடிப்பதற்குப் பிறர் விலை கொடுத்தால் வீம்பு. அரசின் பிடிவாதத்தையும் இதே தராசில் நிறுக்கலாம்.

கடைசியாக, எதிர்ப்பின் மிகச் சிறிய, மிக அன்றாடச் சொல்லுக்கு வருவோம்: மாட்டேன். இன்று அது 'செய்ய விருப்பமில்லை' என்ற மறுப்பு. பழந்தமிழில் அது இயலாமை. மாட்டுதல் என்றால் வல்லமை, மாட்டேன் என்றால் என்னால் ஆகாது. 'நடக்கமாட்டாமல் நடந்தார்' என்று இன்றும் நோயாளியைச் சொல்லும்போது அந்தப் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது. உண்மையான மறுப்பு அந்த இரண்டு பொருளும் சேரும் இடத்தில்தான் பிறக்கிறது. இரும்பொறைக்கு அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்காது. வைரப்பனுக்கு அந்தக் கத்தி மேலே நகராது. வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள் என்பதைவிட, வேறு விதமாக இருக்க அவர்களால் ஆகவில்லை என்பதே சரி. ஒருவர் நம் முன்னால் நின்று மாட்டேன் என்னும்போது, அடம் என்றோ திமிர் என்றோ பெயர் வைப்பதற்கு முன், அதில் எந்த மாட்டேன் ஒலிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பதே அதிகாரத்தில் இருப்பவர் செய்யக்கூடிய முதல் அடக்கம்.